ஆள் 4 மடங்கு, முட்டை 78 மடங்கு… தெரியுமா?

1950-51-ல் இந்தியா முழுவதும் ஓர் ஆண்டில் கிடைத்த முட்டை எவ்வளவு தெரியுமா? 183 கோடி. அப்போது நாட்டின் மக்கள்தொகை 36 கோடி. ஆளுக்கு ஆண்டுக்கு 5 முட்டை! காய்ச்சல் விட்டு எழுந்த பிள்ளைக்கு ஒன்று, பிள்ளை பெற்றவளுக்கு ஒன்று என்று எண்ணிச் சாப்பிட்ட காலம். 2023-24-ல் அதே கணக்கு 14,277 கோடி! இடைப்பட்ட காலத்தில் மக்கள்தொகை சுமார் 4 மடங்குதான் ஆகியிருக்கிறது. முட்டையோ 78 மடங்கு! ஆளுக்கு ஆண்டுக்கு 103.

“ஜனத்தொகை பெருகிப்போச்சு, அதான் எல்லாம் கெட்டுப்போச்சு” என்று டீக்கடையில் தொடங்கி சட்டசபை வரை பேசுகிறோம். அந்தப் பேச்சு முழு உண்மையா என்று பார்க்க இந்த ஒரு கணக்கே போதும். 78 மடங்கில் ஆள் பெருகியதால் வந்தது 4. ஆளுக்குச் சாப்பாடு கூடியதால் வந்தது ஏறக்குறைய 20. நாலும் இருபதும் கூடி இருபத்து நாலாகவில்லை. பெருகி எண்பதை நெருங்கியது.

அமெரிக்க விஞ்ஞானிகள் பால் எர்லிக்கும் ஜான் ஹோல்ட்ரனும் 1970-களின் தொடக்கத்தில் சொன்னதும் இதைத்தான். ஒரு நாடு மண்ணுக்கும் நீருக்கும் தரும் சுமை = ஆள் எண்ணிக்கை × ஆளுக்கு எவ்வளவு × அதை எப்படிச் செய்கிறோம். மூன்றும் பெருக்கல்! ஒன்று இரட்டித்தால் எல்லாம் இரட்டிக்கும். ஒன்று பாதியானால் எல்லாம் பாதியாகும். எர்லிக் முதல் எண்ணைப் பார்த்துப் பயந்தார். பாரி காமனர் என்ற இன்னொரு விஞ்ஞானி, மூன்றாவதுதான் குற்றவாளி என்று அதே காலத்தில் மல்லுக்கு நின்றார். அரை நூற்றாண்டாக நடக்கும் இந்த வழக்குக்குச் சாட்சி தேடி எங்கும் போக வேண்டாம். சேலத்திலிருந்து நாமக்கல் வரை ஒரு நடை பஸ்ஸில் போய் வந்தால் போதும்.

கொட்டகைக்குள் ஒரு மாவட்டம்

நாமக்கல் மண்டலத்தில் இருக்கும் முட்டைக் கோழிகள் சுமார் 5 கோடி. தமிழ்நாட்டில் உள்ள மனிதர்களில் மூன்றில் இரண்டு பங்கு எண்ணிக்கை! ஒரு பண்ணைக்குள் நுழைந்து பாருங்கள். தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டிய கொட்டகை, அடுக்கடுக்காகக் கம்பிக் கூண்டு. கூண்டின் தரை லேசாகச் சரிந்திருக்கும். கோழி இட்ட முட்டை அதன் காலில் படாமல் உருண்டு முன்பக்கக் கம்பியில் வந்து நிற்கும். தலைக்கு மேல் சிவப்பு நிப்பிள். அலகால் தட்டினால் ஒரு சொட்டுத் தண்ணீர். விடியும் முன்பும் பொழுது சாய்ந்த பின்பும் விளக்கு எரியும். பகல் நீண்டால்தான் கோழி தவறாமல் முட்டையிடும் என்பதால் நாளொன்றுக்கு 16 மணி நேர வெளிச்சம்! கீழே எரு குவிந்துகொண்டே இருக்கும். அதன் நெடி கண்ணைக் கரிக்கும்.

ஒரு கோழி நாளுக்குத் தின்பது சுமார் 110 கிராம் தீவனம். கையளவுதான். 5 கோடியால் பெருக்குங்கள்: 5,500 டன்! பத்து டன் ஏற்றும் லாரி என்றால் 550 லாரி, ஒரே நாளைக்கு! அதில் பாதி மக்காச்சோளம் என்று வைத்தால் ஆண்டுக்கு 10 லட்சம் டன். இந்திய சராசரி விளைச்சலில், ஒரு போகமாக அவ்வளவு சோளம் விளைய வேண்டும் என்றால் எவ்வளவு நிலம் வேண்டும் தெரியுமா? ஏறக்குறைய 3,000 சதுர கிலோமீட்டர். நாமக்கல் மாவட்டத்தின் மொத்தப் பரப்பே சுமார் 3,400 சதுர கிலோமீட்டர்தான்! கோயில், மலை, ஊர், ரோடு எல்லாவற்றையும் வழித்துவிட்டுச் சோளம் போட்டாலும் ஒட்டி உரசித்தான் போதும். அதனால்தான் கர்நாடகத்து மக்காச்சோளமும் மத்தியப் பிரதேசத்துச் சோயாவும் இந்தச் சாலைகளில் இரவெல்லாம் வந்து இறங்குகின்றன. நாமக்கல் முட்டையின் நிழல் விந்திய மலைக்கு அந்தப் பக்கம் வரை விழுகிறது!

ஆனால், இந்த முட்டையைச் சுற்றுச்சூழலின் பேரால் யாராவது ஆடம்பரம் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989-ல் கருணாநிதி ஆட்சியில் அந்தத் தட்டில் முட்டை வந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. இப்போது பள்ளி நாளெல்லாம் ஒன்று. ஆளுக்கு ஆண்டுக்கு 180 முட்டை வேண்டும் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. நாம் இன்னும் 103-ல்தான் நிற்கிறோம். இரண்டாவது எண் இன்னும் கூடத்தான் செய்யும், கூடவும் வேண்டும்.

அப்படியானால் மிச்சம் இருப்பது மூன்றாவது எண். அங்கேதான் ஆச்சரியம்! வீட்டுக் கொல்லையில் மேயும் நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். கூண்டுக் கோழி 300-க்கு மேல்! இன்றைய முட்டையை எல்லாம் பழைய இனத்தைக் கொண்டே எடுப்பதென்றால் நாலு மடங்குக் கோழி, அத்தனைக்கும் தீனி. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-ல் வந்தது. இனம், தீவனக் கலவை, தடுப்பூசி என்று அங்கேயும் பண்ணைகளிலும் ஒவ்வொரு கிராமாகக் கணக்குப் பார்த்ததில் ஒரு முட்டைக்கு ஆகும் மண்ணும் தண்ணீரும் குறைந்தன. கூண்டுக்குள் கோழி படும் பாடு தனிக் கேள்வி, பெரிய கேள்வி. அதைத் தள்ளிவிடவில்லை. நிலக் கணக்கு மட்டும் பார்த்தால் சொல்ல வேண்டியது இது.

அந்த எருவும் வீணில்லை. ஒரு கோழிக்கு நாளுக்கு 100 கிராம் என்றாலும் 5,000 டன்! மரவள்ளிக் காட்டுக்கும் மஞ்சளுக்கும் கரும்புக்கும் தென்னைக்கும் லாரி லாரியாகப் போகிறது. கோழி எருவிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளும் நாமக்கல்லில் உண்டு.

விரதம் அங்கே, வயல் இங்கே

மும்பையிலும் புனேயிலும் நவராத்திரிக்கும் ஏகாதசிக்கும் விரதம் இருப்பவர்கள் என்ன சாப்பிடுவார்கள் தெரியுமா? சாபுதானா கிச்சடி. நம்ம ஜவ்வரிசி! அந்தக் கிச்சடி கொல்லிமலையின் பயிரையே மாற்றியது என்றால் நம்புவீர்களா?

இரண்டாம் உலகப் போரில் மலேயா, சிங்கப்பூரிலிருந்து வரும் ஜவ்வரிசி நின்றுபோனது. 1943-ல் சேலத்தில் மீன் வியாபாரம் செய்துவந்த மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவுடன் சேர்ந்து மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். அந்த ஒரு முயற்சியிலிருந்து சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் எங்கும் சேகோ ஃபேக்டரிகள் முளைத்தன. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஃபேக்டரிக்குள் கிழங்கு வந்து இறங்கியதும் தோல் உரியும், கழுவும், அரைபடும். பால் போல வடியும் மாவைத் தொட்டியில் தெளியவிட்டு, கட்டியை உடைத்து, துணியில் போட்டுக் குலுக்கக் குலுக்க உருண்டை திரளும். பிறகு தட்டில் வறுத்து, கண் கூசும் வெள்ளையாகச் சிமெண்டுக் களத்தில் வெயிலுக்குப் பரப்புவார்கள். மிஞ்சும் சக்கை திப்பி. மாட்டுக்கும் கோழிக்கும் தீவனம். எதுவும் வீணாகவில்லை, ஒன்றைத் தவிர. தண்ணீர்! ஒரு டன் கிழங்குக்குப் பல ஆயிரம் லிட்டர் செலவாகி, மாவும் புளிப்புமாக வெளியே வரும். அதை ஓடையில் விட்ட ஊர்களில் ஆண்டுக்கணக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். கிணறுகள் கெட்டன.

சமவெளியில் ஃபேக்டரி பெருகப் பெருக மலைக்கு மேல் என்ன நடந்தது? கொல்லிமலைச் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக விளைந்த சாமை, தினை, கேழ்வரகு பின்வாங்கி, காசு தரும் மரவள்ளி ஏறியது. சாமைக்கு அரைக்க மெஷின் இல்லை, உரலில் குத்த வேண்டும். மரவள்ளியைப் பிடுங்கினால் லாரி வாசலுக்கு வரும். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கேயே தங்கி, சிறுதானிய விதைகளைச் சேர்த்து வைத்து, அரவை மெஷின் தந்து, மிச்சமிருந்த ரகங்களைக் காப்பாற்றப் பாடுபட்டது. கொல்லிமலையில் ஜனத்தொகை வெடிக்கவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளவர்களின் வாங்கும் சக்தி வெடித்தது!

இதிலும் மூன்றாவது எண் வேலை செய்தது. அதே நாற்றத் தண்ணீரை மூடிய தொட்டிக்குள் விட்டால் எரிவாயு வரும் என்று கண்டுகொண்ட பல சேகோ ஃபேக்டரிகள் இன்று அதில் ஜெனரேட்டர் ஓட்டுகின்றன! இன்னொரு அதிசயம். 2020-ல் கேரளத்தில் முதலில் கண்ட மரவள்ளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டுக் காடுகளை வாட்டியது. மருந்தடித்து மாளவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குட்டிக் குளவியை வரவழைத்தார்கள். அதை 2022 மார்ச்சில் இந்தியாவில் வயலுக்கு விட்டது எங்கே தெரியுமா? நம்ம சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில்! குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு பூச்சியைத் தின்றே வளரும். விஷம் இல்லாமல் ஒரு பயிர் பிழைக்கிறது.

திருச்செங்கோட்டு வண்டி தோண்டிய ஆழம்

ராஜஸ்தானிலோ சத்தீஸ்கரிலோ ஆப்பிரிக்காவிலோ ஒரு கிராமத்தில் போர் போடுகிறார்கள் என்று வையுங்கள். ரிக் வண்டியும் அதில் இருக்கும் ஆளும் எந்த ஊர் என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில் வரும்: திருச்செங்கோடு! ஒரு சின்ன ஊரின் லாரிகள் பாதி உலகத்தின் அடிவயிற்றைத் துளைத்திருக்கின்றன.

கிணறு வெட்டுவது அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்தின் பல மாத வேலை. கடப்பாரை, வெடி, கூடை; நாற்பது அடி, அறுபது அடி. காற்றழுத்தத்தில் சுத்தியல் போல் இடித்துக்கொண்டே இறங்கும் ரிக் வந்த பிறகு, கருங்கல்லையும் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான அடி துளைத்துவிடலாம். இன்று இந்தச் சமவெளியில் 1,000 அடி என்பதை யாரும் வாயைப் பிளந்து கேட்பதில்லை. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஊறுவதைவிட அதிகம் உறிஞ்சும் ஒன்றியங்கள் பல. உலகம் மொத்தமும் எடுக்கும் நிலத்தடி நீரில் ஏறக்குறைய கால் பங்கை எடுப்பது இந்தியா. அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து எடுப்பதைவிட இது அதிகம்!

இங்கேதான் மூன்றாவது எண்ணின் மறுமுகம். ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1865-லேயே எச்சரித்தார்: நீராவி எஞ்சின் திறமையாக ஆக ஆக நிலக்கரிச் செலவு குறையாது, கூடும், ஏனென்றால் மலிவானதை எல்லாரும் இன்னும் அதிகம் பயன்படுத்துவார்கள். நம் சப்மெர்சிபிள் மோட்டாரைப் பாருங்கள். பழைய மோட்டாரைவிடத் திறமை. சொட்டுநீர்க் குழாயைப் பாருங்கள். வாய்க்கால் பாசனத்தைவிடச் சிக்கனம். மிச்சமான தண்ணீர் பாறைக்குள் தங்கியிருக்க வேண்டும் இல்லையா? பக்கத்துத் தரிசும் தோட்டமானது, அதற்கும் ஒரு போர் விழுந்தது! கருவி மட்டும் காப்பாற்றாது. எவ்வளவு எடுக்கலாம் என்று ஊர் கூடி ஒரு வரம்பு வைக்காதவரை, நல்ல கருவி வேகமாகக் காலி செய்யும் கருவியாகவே இருக்கும். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

காற்றில் போகும் கல்

சேலத்தை ஒட்டி மேக்னசைட் ஜங்ஷன் என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. தாதுவின் பெயரில் ஸ்டேஷன்! அந்தப் பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் கரடுகளில் தோண்டும் மேக்னசைட்டைச் சூளையில் சுட்டால் என்ன ஆகும் தெரியுமா? 1,000 கிலோ கல்லில் சுமார் 520 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடும்! மிஞ்சுவது 480 கிலோ மக்னீசியாதான். சூளைக்கு எரித்த எரிபொருளின் புகை இந்தக் கணக்கில் சேரவில்லை; கல்லே பாதிக்கு மேல் காற்று! சங்ககிரியில் சிமெண்டுக்குச் சுடும் சுண்ணாம்புக் கல்லிலும் இதே கதை: நூற்றுக்கு 44 பங்கு காற்றோடு. சூரிய மின்சாரத்தில் சூளையை ஓட்டினாலும் இந்தக் கரி நிற்காது. மக்னீசியா செங்கல் இல்லாமல் எஃகு உலை இல்லை. எஃகும் சிமெண்டும் இல்லாமல் வளர்ச்சி என்று நாம் சொல்லும் வீடும் பாலமும் இல்லை. மூன்றாவது எண் எளிதில் அசையாத இடம் இதுதான்.

எஃகு என்றதும் ஒரு பழங்கதை. கும்பினி உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலத்து இரும்புத் தாதுவைப் பார்த்து மயங்கி, வேலையை விட்டு, 1830-களில் பரங்கிப்பேட்டையில் உலை வைத்தார். தாது உசத்தி. ஆனால் உலைக்கு வேண்டியது மரக்கரி. ஒரு டன் இரும்புக்குப் பல டன் கரி. காட்டை வெட்ட வெட்டக் கரி தூரம் போனது, விலை ஏறியது, கம்பெனி நொடித்தது. அன்று இந்த மாகாணத்தின் ஜனத்தொகை இன்றைய கணக்கில் ஒரு துளி! ஆளே குறைவாக இருந்த காலத்தில், ஒரு சில உலைகள் காட்டைத் தின்னப் போதுமானதாக இருந்தன.

ஆள் குறைந்தால் மண் செழிக்கும் என்பவர்கள் இன்னொன்றையும் படிக்க வேண்டும். 1871-ல் பழைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 19.7 லட்சம். 1881-ல் சுமார் 16 லட்சம். நடுவே 1876-78 தாது வருஷப் பஞ்சம்! ஐந்தில் ஒரு பங்கு ஜனம் இல்லாமல் போனது. அதனால் மிஞ்சியவர்களுக்குச் செழிப்பு வந்ததா? இல்லை. மாடு செத்தது, ஏர் நின்றது, ஏரிக்கரையை யார் பார்ப்பார்கள்? மண்ணைக் காக்கவும் கை வேண்டும்.

வீடு ஓடுகிறது, ஆள் நடக்கிறான்

இப்போது முதல் எண். தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி சராசரியாகப் பெறும் குழந்தைகள், 2020-ன் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி எவ்வளவு தெரியுமா? 1.4! பிரான்சில் அதே ஆண்டு 1.8. பிரான்சைவிடத் தமிழ்நாட்டில் தொட்டில் குறைவு! ஜனத்தொகை நிலையாக நிற்கவே 2.1 வேண்டும்.

பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், பிள்ளைச் சாவு குறைந்தது; அதனால் வந்த குறைவு நல்ல குறைவு. ஆனால் இதே சேலத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1992-ல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். ஏன் இங்கே? பிறந்த பெண் சிசுவைக் கொல்லும் கொடுமை அவ்வளவு முற்றியிருந்தது. “ஒன்றோ இரண்டோ போதும்” என்ற வார்த்தையோடு “அது ஆணாக இருக்கட்டும்” என்பதும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மண்ணே சாட்சி. ஜனத்தொகையை வெறும் எண்ணாகப் பார்ப்பவர்களை நான் நம்புவதில்லை.

ஆள் பெருகுவது அடங்கிவிட்டது, சரி. ஆனால் 2001-க்கும் 2011-க்கும் நடுவில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6% கூடியபோது குடும்பங்களின் எண்ணிக்கை எவ்வளவு கூடியது? 1.42 கோடியிலிருந்து 1.85 கோடி. 30%! ஆளைப் போல இரு மடங்கு வேகத்தில் அடுப்பு பெருகியிருக்கிறது. அண்ணன் தம்பி தனித்தனியாகப் போனால் சோறு தின்னும் வாய் கூடவில்லை. ஃபிரிட்ஜ் இரண்டு, வாஷிங் மெஷின் இரண்டு, சிமெண்டு இரண்டு பங்கு, போர் இரண்டு!

வண்டிக் கணக்கைக் கேட்டால் தலை சுற்றும். 1951-ல் இந்தியாவில் பதிவான மோட்டார் வண்டிகள் 3 லட்சம். 2020-ல் 32 கோடிக்கு மேல்! ஆள் 4 மடங்கு, வண்டி ஆயிரம் மடங்கு! அந்தப் பெருக்கத்தில் நாமக்கல் பட்டறைகளின் பங்கு கொஞ்சமா? லாரி, கேஸ் டேங்கர், டிரெய்லர் என்று வெல்டிங் பொறி பறக்கப் பாடி கட்டி நாடு முழுக்க அனுப்பிய ஊர். நல்ல செய்தியும் உண்டு: 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்தபோது டீசலில் இருக்கலாம் என்று விட்ட கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. ஒரே பாய்ச்சலில் ஐந்தில் ஒன்று!

வேகம் இன்னொரு ஆச்சரியம். ஆண்டுக்கு 1% கூடும் ஜனத்தொகை இரட்டிக்க 70 ஆண்டு ஆகும். 7% வளரும் பொருளாதாரம் 10 ஆண்டில் இரட்டிக்கும்! ஒரு பிள்ளை பிறந்து பத்தாவது பரீட்சை எழுதுவதற்குள் ஒன்றரை முறை. சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் அதே வேகத்தில் இரட்டிக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

திருமணிமுத்தாறும் தேம்ஸும்

சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்துக்குள் நுழையும் திருமணிமுத்தாறு, ஊரைத் தாண்டும்போது கறுப்பாக, நுரையாக ஓடுகிறது. வீட்டுச் சாக்கடை, சாயப்பட்டறை, சேகோ எல்லாம் சேர்ந்து. அப்படியே நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து காவிரிக்குப் போகிறது. பள்ளிபாளையம், குமாரபாளையத்துச் சாயமும் காவிரிக்கே. அங்கே விசைத்தறியில் நெய்த துண்டும் பெட்ஷீட்டும் கடல் தாண்டிப் போகின்றன. சாயத் தண்ணீர் மட்டும் நம்மிடமே தங்கிவிடுகிறது!

லண்டனில் 1858-ன் கோடையில் தேம்ஸ் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்பு மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். 1957-ல் அந்த ஆறு உயிரற்றது என்றே அறிவித்தார்கள். இன்று அதே தேம்ஸில் நூற்றுக்கு மேற்பட்ட மீன் வகைகள், கடல் நாய்கள்! லண்டன் ஜனம் குறைந்ததாலா? இல்லை. பணம் வந்ததும் ஆறு தானாகத் தெளிந்ததா? அதுவும் இல்லை, உலகத்திலேயே பணக்கார நகரமாக இருந்த காலத்தில்தானே ஆறு செத்தது! பணத்தைச் சாக்கடைக் குழாயிலும் சுத்திகரிப்பிலும் போட்டார்கள், சட்டம் போட்டுப் பிடித்தார்கள். நமக்கும் பக்கத்திலேயே பாடம் உண்டு: 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்புக்கு மாறிய பிறகே அவை திறந்தன. திருப்பூர் அழிந்தா போனது? ஏற்றுமதி வளர்ந்தது!

கரியின் கணக்கு இதைவிடப் பெரிது. ஓர் இந்தியர் ஆண்டுக்கு வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 2 டன். உலக சராசரி 4.7. அமெரிக்கர் சுமார் 14. கத்தார்க்காரர் 35-க்கும் மேல்! 2022 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு நாமக்கல்லிலிருந்து கத்தாருக்கு முட்டை கூடுதலாகக் கப்பல் ஏறியது. முட்டையைப் பெற்றவர்கள் அங்கே. அதற்காக எரித்த டீசலும் தின்ற சோளமும் நம் கணக்கில்! உலகிலேயே அதிக ஜனம் கொண்ட நாடாக 2023-ல் நாம் ஆனோம் என்பதை வைத்து நம்மைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும்போது இந்த எண்களைப் பதிலாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, பிரிட்டனையும் பாருங்கள். 1990-க்குப் பின் அதன் பொருளாதாரம் சுமார் 80% வளர்ந்தது, தன் மண்ணில் வெளிவிட்ட கரி பாதிக்கு மேல் குறைந்தது. தொழிற்சாலைகள் பல வெளிநாட்டுக்குப் போனதும் ஒரு காரணம்தான். ஆனாலும் 2024 செப்டம்பர் 30-ல் அந்த நாடு தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை மூடியது உண்மை. நம் மேட்டூர் அனல் மின் நிலையம் 1,440 மெகாவாட். முழு வீச்சில் ஓடினால் நாளுக்கு 20,000 டன் நிலக்கரி போல வேண்டும். வளர்ச்சியையும் கரியையும் பிரிக்க முடியும் என்பதற்கு ஓர் அத்தாட்சி கிடைத்திருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

16 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2027-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதற்கு முந்திய வீட்டுப் பட்டியலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்பது. எத்தனை பேர் என்பதைச் சரியாகச் சொல்லும் நாம், இந்தக் கேள்விக்கு ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். மூடிய சாக்கடைக்கா, திறந்த சாக்கடைக்கா, எங்கும் இல்லாமல் தெருவுக்கா? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அடுத்த பத்தாண்டில் திருமணிமுத்தாற்றுக்கும் காவிரிக்கும் எத்தனை சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்று கேட்கப்போகிறவர்கள் கையில் முதலில் இருக்க வேண்டிய எண் அதுதான்.